நடை பாதி, படம் பாதி: இயற்கையில் நடந்தபடியே கலை செய்ய முழுமையான வழிகாட்டி

வெளியில் போய் வரைய ஆசைப்படுகிறவர்களுக்கு வழக்கமாக இரண்டில் ஒன்று நடக்கிறது. ஓவியத் தாங்கி, மடக்கு நாற்காலி, பெரிய வண்ணப்பெட்டி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய், கண்ணில் பட்ட முதல் மர நிழலிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். நடை அத்தோடு முடிந்தது. இல்லாவிட்டால் நன்றாக நடப்பார்கள். ஸ்கெட்ச் புத்தகம் பையின் அடியில் கிடந்து, திறக்கப்படாமலே வீடு திரும்பும்.

இரண்டும் வேண்டுமென்றால் ஒரே ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி: கால் நின்ற ஒரு நிமிடத்துக்குள் பென்சில் தாளைத் தொட்டிருக்க வேண்டும். எதை எடுத்துப் போவது, எங்கே நிற்பது, எவ்வளவு பெரிதாக வரைவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவை. நின்று, சிறிதாக, வேகமாகப் பதிவு செய்துவிட்டு நகர வேண்டும். முழுப்படம் வேண்டுமானால் அதை வீட்டில் செய்துகொள்ளலாம்.

## பையில் என்ன இருக்க வேண்டும்

ஸ்கெட்ச் புத்தகம் ஏ6 அல்லது ஏ5 அளவு போதும். அட்டை கெட்டியாக இருக்கட்டும், நின்றபடி வரையும்போது அதுதான் பலகை. வண்ணம் தீட்டுவதாக இருந்தால் தாள் 200 ஜி.எஸ்.எம்-க்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) குறையக் கூடாது. 300 இருந்தால் தண்ணீர் பட்டாலும் அதிகம் நெளியாது. பென்சில் வேலை மட்டும்தான் என்றால் சாதாரணத் தாளே நல்லது. விலை உயர்ந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டால் வீணாகிவிடுமோ என்ற பயத்திலேயே கோடு நடுங்கும்.

பென்சிலில் ஒரு 2பி, அதைவிட மென்மையாகவும் கருமையாகவும் எழுதும் ஒரு 6பி. தண்ணீரில் கரையாத மை கொண்ட பேனா ஒன்று. ரப்பர் வேண்டாம். அழிக்க வழி இருந்தால் அழித்துக்கொண்டேதான் இருப்போம். தவறான கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டுப் போனால் நேரம் மிச்சம், படத்துக்கும் உயிர் வரும்.

வண்ணம் என்று வந்தால் நடப்பவருக்கு ஏற்றது வாட்டர்கலர்தான். எண்ணெய் வண்ணம் காயப் பல நாள் ஆகும், ஈரப்படத்தைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அக்ரிலிக் வெயிலில் தட்டிலேயே காய்ந்துவிடும். ஒரு காலத்தில் ஓவியர்கள் குழைத்த எண்ணெய் வண்ணத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டி வைத்துத்தான் பயன்படுத்தினார்கள். 1841-ல் ஜான் கோஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் பிதுக்கும் தகர டியூபுக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் வெளியில் போய்த் தீட்டுவது எளிதானது. நமக்கு அந்த டியூப்கூட அதிகம். காய்ந்த கட்டிகளாக வரும் வண்ணம், உள்ளங்கை அளவு டப்பா, அதில் ஐந்து நிறம்: லெமன் யெல்லோ, யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் நீலம், ரோஜாச் சாயல் கொண்ட ஒரு சிவப்பு. பச்சையும் கறுப்பும் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இரண்டையும் கலந்து எடுக்கும் விதம் பின்னால் வருகிறது.

பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் பிரஷ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கிண்ணம், தண்ணீர் பாட்டில் என்ற தொல்லையே இல்லை. பிடியை லேசாக அழுத்தினால் நுனியில் தண்ணீர் வரும்; பழைய துணியில் துடைத்தால் சுத்தமாகிவிடும். காற்றில் தாள் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப். அப்புறம், நடுவில் செவ்வகமாக ஓட்டை வெட்டிய ஓர் அட்டைத் துண்டு.

எதை எடுத்துப் போகிறோம் என்பதைவிட எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். புத்தகமும் பென்சிலும் சட்டைப்பையிலோ இடுப்புப்பையிலோ இருக்கட்டும். முதுகுப்பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, தேடி எடுப்பதற்குள் வரைகிற ஆசையே போய்விடும்.

## கிளம்பும் முன்

வரைந்துகொண்டே நடந்தால் நேரம் இரு மடங்காவது ஆகும். ஒரு மணி நேரப் பாதைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன் திரும்பிவிடும்படி கணக்கிட்டு, எந்த வழியில் போகிறீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். வரைகிறவருக்கு நேரம் போவது தெரியாது.

காலையும் மாலையும் நிழல் நீளமாக விழும், மேடு பள்ளம் தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். அந்த நேரத்தை அடர்ந்த மரங்களுக்குள் நடக்க வைத்துக்கொள்ளலாம். மேகமூட்டமான நாளை ஒதுக்கிவிடாதீர்கள். அன்றைக்கு வெளிச்சம் மணிக்கணக்கில் மாறாமல் நிற்கும், புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுபோல் வசதி இல்லை. இடி கேட்டால் மட்டும் மேட்டையும் தனி மரத்தையும் விட்டு உடனே இறங்கிவிட வேண்டும்.

பாதுகாக்கப்பட்ட காடுகளிலும் பூங்காக்களிலும் இலை, கல், மண் எதையும் எடுக்கத் தடை இருக்கலாம். நுழைவாயில் பலகையைப் படித்துவிட்டுப் போவது நல்லது.

## எங்கே நிற்பது

முதல் கால் மணி நேரம் நிற்காமல் நடங்கள். வீட்டு வேலையும் போன் செய்தியும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நேரம் அது. அப்போது கண் பெரிய விஷயங்களை மட்டுமே பார்க்கும்: மலை, ஏரி, வானம். மூச்சு சீரான பிறகுதான் பாசி படிந்த வேரும், பாறையில் நீர் இறங்கிய தடமும், இலைக்கடியில் தொங்கும் கூட்டுப்புழுவும் தென்படத் தொடங்கும்.

அதன் பிறகு ஒரு பொருளைத் தாண்டிப் போன பின்னும் தலை தானாகத் திரும்பிப் பார்த்தால், நில்லுங்கள். அதுதான் உங்கள் இடம். அழகான இடமா, படமாக்கத் தகுந்ததா என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் இதைவிட நன்றாக ஏதாவது இருக்கும் என்ற எண்ணம் கட்டாயம் வரும். அதற்கு இடம் கொடுத்தால் அன்றைக்கு ஒரு பக்கமும் நிரம்பாது.

காட்சிமுனைகளில் நின்று வரைவதை நான் பொதுவாகத் தவிர்ப்பேன். பத்து மலை, மூன்று ஊர், ஒரு ஆறு எல்லாம் ஒரே பார்வையில் விரிந்திருக்கும். கையளவு தாளில் அதைப் பிடிக்கவே முடியாது. பிடித்தாலும் சுற்றுலா அட்டையைப் பார்த்து எழுதியது போல ஆகிவிடும். பாதை வளையும் இடம், சாய்ந்த மரம், இரண்டு பாறைகளுக்கு நடுவே தெரியும் தண்ணீர்த் துண்டு என்று ஓரிரு பொருள் மட்டும் உள்ள இடத்தில் நின்றால் பத்து நிமிடத்தில் ஏதாவது தேறும். பரந்த காட்சியைத்தான் வரைய வேண்டும் என்றால் ஓட்டை அட்டையைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு மூலையை மட்டும் பொறுக்கி எடுங்கள்.

நிற்கும்போது பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கி, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுங்கள். புத்தகத்தின் மேல் நிழல் விழும்படி உடலைத் திருப்பிக்கொள்ளுங்கள். வெள்ளைத் தாளில் நேரடி வெயில் பட்டால் கண் கூசும் என்பது ஒரு பக்கம். பெரிய சிக்கல் இன்னொன்று. அந்த வெயிலில் வண்ணம் உள்ளதைவிட வெளிறித் தெரியும், அதை ஈடுகட்ட நாம் கூடுதல் கருமையாகத் தீட்டிவிடுவோம், வீட்டுக்குள் வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள்.

## முதல் நிமிடம்: தீப்பெட்டி அளவுப் படம்

பக்கத்தின் மூலையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போடுங்கள். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இலை, கிளை, புல் எல்லாம் மங்கி, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். 6பி பென்சிலைச் சாய்த்துப் பிடித்து இருட்டான திட்டை அழுத்தித் தேயுங்கள், நடுத்தரத்தை லேசாகத் தேயுங்கள், வெளிச்சத்தைத் தாளின் வெள்ளையாகவே விடுங்கள். மரம் என்றோ பாறை என்றோ எதையும் வரைய வேண்டாம்.

இது முன்னோட்டம் என்று நினைத்து அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். படம் நிற்குமா விழுமா என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும். மூன்று திட்டும் ஒரே அளவில் இருந்தால் சப்பென்று இருக்கும். ஒன்று பெரியது, ஒன்று நடுவாந்திரம், ஒன்று சிறியது என்று அமைந்தால் மேலே போகலாம். அமையாவிட்டால் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், அல்லது குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். மழை தூறத் தொடங்கினால், கூட வந்தவர் அவசரப்படுத்தினால், இந்தத் தீப்பெட்டிப் படத்தோடு நகர்ந்துவிடலாம். அதுவே ஒரு முழு வேலைதான்.

## அடுத்த பத்து நிமிடம்

கண் மட்டம் எங்கே என்று முதலில் பாருங்கள். நேராகப் பார்க்கும்போது உங்கள் கண்ணின் உயரத்தில் ஓடும் கற்பனைக் கோடு அது. கடல் தெரிந்தால் அடிவானமே அந்தக் கோடு. அதற்கு மேலே இருக்கும் கிளையின் அடிப்பக்கமும் கீழே இருக்கும் பாறையின் மேற்பக்கமும் உங்களுக்குத் தெரியும். இந்தக் கோட்டை மெல்லியதாகப் போட்டுவிட்டால் பாதை மேலே ஏறுகிறதா, இறங்குகிறதா என்ற குழப்பம் பாதி தீரும்.

அளவுக்கு, முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை மரத்தின் உச்சியில் வைத்து, கட்டைவிரலை அதன் அடியில் நிறுத்துங்கள். அந்த நீளத்தை வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒப்பிடலாம்: மரத்தின் அகலம் உயரத்தில் பாதியா, பக்கத்துப் பாறை கால்வாசியா. முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். மூன்று நான்கு ஒப்பீடு போதும், நில அளவை செய்ய வரவில்லை.

பெரிய வடிவங்களுக்குப் பிறகு உடனே நிழலின் விளிம்பைக் கோடு போட்டுப் பிடித்துவிடுங்கள். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. கால் மணி நேரத்திலேயே பாதையின் குறுக்கே கிடந்த நிழல் வேறு வடிவத்துக்குப் போய்விடும். ஒரு முறை பிடித்த நிழலை, அது எங்கே நகர்ந்தாலும் திருத்தக் கூடாது. வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு போனால் காலையும் மதியமும் கலந்த படம்தான் கிடைக்கும். பிரெஞ்சு ஓவியர் குளோட் மொனே 1890, 91-ல் வைக்கோற்போர்களைத் தீட்டியபோது வெளிச்சம் மாற மாறக் கான்வாஸையே மாற்றி வேலை செய்தார். நமக்கு அடுத்த பக்கம் இருக்கிறது.

விவரம் ஒரே ஓர் இடத்தில் இருந்தால் போதும். தலையைத் திரும்ப வைத்தது எதுவோ அங்கே மட்டும் கூர்மையான கோடு, அடர்ந்த கருமை, பட்டையின் வெடிப்பு எல்லாம் வரட்டும். மற்ற இடங்களை விளிம்பு தொலைந்தபடியே விட்டுவிடுங்கள்.

படத்தைச் சுற்றி எழுதுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை, கலைப் புத்தகத்தில் எழுத்து எதற்கு என்று நினைக்கிறார்கள். ஆங்கில ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 22-ல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் வானத்தைப் பார்த்து மேகப் படங்களாகத் தீட்டித் தள்ளினார். அவற்றில் பலவற்றின் பின்னால் தேதி, நேரம், காற்று வந்த திசை, வானிலை எல்லாம் குறித்திருக்கிறார். நீங்களும் நேரம், வெயில் வந்த பக்கம், "பாறையின் நிழல் ஊதாவும் சாம்பலும்", "தண்ணீர் வானத்தைவிடக் கருமை", "இடப்பக்கம் மரங்கொத்தி தட்டுகிறது" என்று கிறுக்கி வையுங்கள். நிறத்தை எழுதும்போது பக்கத்தில் உள்ளதோடு ஒப்பிட்டு எழுதினால் பயன்படும். வெறும் "பச்சை" என்று எழுதினால் ஒரு வாரம் கழித்து அதற்கு ஒரு பொருளும் இருக்காது.

## வண்ணம்: ஒரே மரத்தில் நாலு பச்சை

எந்த இடத்திலும் அடிக்கடி எதிர்ப்படும் தலைவலி பச்சைதான். டப்பாவில் வரும் பச்சையை எடுத்து மரம் முழுக்க அடித்தால் பிளாஸ்டிக் மரம் வந்துவிடும். ஒரு மரத்தின் முன் நின்று நிதானமாகப் பாருங்கள்.

வெயில் நேராக விழும் இலைகள் மஞ்சள் கலந்த பச்சை. அதற்கு லெமன் யெல்லோவில் துளி அல்ட்ராமரைன். சூரியன் மரத்துக்குப் பின்னால் இருந்தால் சில இலைகளை ஊடுருவிக்கொண்டு வெளிச்சம் வரும். மரத்திலேயே பளிச்சென்ற பச்சை அதுதான், ஏறக்குறைய முழு மஞ்சள். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் வழவழப்பான இலைகளின் முதுகில் வானம் பிரதிபலிக்கும், அங்கே பச்சையே தெரியாது, வெளிறிய நீலச் சாம்பல்தான் இருக்கும். உள்ளே நிழலில் இருப்பவை கருத்த பச்சை: யெல்லோ ஓக்கரும் அல்ட்ராமரைனும் கலந்து, கொஞ்சம் பர்ன்ட் சியன்னா சேர்த்தால் நிறம் அடங்கும்.

தீட்டும் வரிசை இப்படி. முதலில் மரத்தின் மொத்த வடிவத்தையும் மஞ்சள் பச்சையால் நிரப்புங்கள், ஆனால் இலைகளுக்கு இடையே வானம் எட்டிப் பார்க்கும் ஓட்டைகளை வெள்ளையாக விட்டுவிடுங்கள். ஈரம் காயும் முன்பே நிழல் பக்கத்தில் கருத்த பச்சையைத் தொட்டு வையுங்கள். அது தானாகப் பரவி மெத்தென்ற விளிம்பு கொடுக்கும். காய்ந்த பிறகு இன்னும் கருமையான கலவையால் உட்குழிகளை மட்டும் அழுத்துங்கள். கடைசியில் அந்த வெள்ளை ஓட்டைகளுக்கு வான நிறம், ஆனால் திறந்த வானத்தைவிட ஒரு படி கருமையாக. சுற்றியுள்ள இலைகள் அந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் தின்றுவிடும் என்பதால் உண்மையிலேயே அப்படித்தான் தெரியும். ஓட்டைக்கு வெளியே இருக்கும் வானத்தின் அதே நிறத்தை வைத்தால் மரத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டியது போல் துருத்திக்கொண்டு நிற்கும்.

கறுப்புக்கு அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் சம அளவில், தண்ணீர் குறைவாக. நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியன்னா கூடினால் வெதுவெதுப்பான பழுப்பு. பாறை, பட்டை, மழைமேகம் எல்லாம் இந்த ஒரு ஜோடியிலேயே வந்துவிடும். தொலைவு மலைக்கு அல்ட்ராமரைனை நிறையத் தண்ணீரில் கரைத்து, துளி சிவப்புச் சேர்த்தால் போதும். நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் காற்று நீல ஒளியைச் சிதறடிப்பதால்தான் மலை தள்ளிப் போகப் போக நீலமாகவும் வெளிறியும் தெரிகிறது. மலை வரிசை மூன்று இருந்தால் பின்வரிசையிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றையும் முந்தையதைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகப் போடுங்கள்.

வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறும். ஈரத்தில் சரியாக இருப்பது காய்ந்தபின் மங்கும், ஆகவே கொஞ்சம் துணிந்தே போடலாம். சரி, காயும் வரை என்ன செய்வது? நில்லாதீர்கள். புத்தகத்தைத் திறந்தபடி கையில் பிடித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நடங்கள். நடக்கும் காற்றே உலர்த்திவிடும். ஈரப்பதம் நிறைந்த நாளில் அதுவும் போதாது. அன்றைக்குப் பென்சிலோடு நிறுத்தி நிறங்களை எழுதிக்கொண்டு வரலாம்.

பிரஷைக் கழுவிய தண்ணீரை ஓடையிலோ குளத்திலோ ஊற்றக் கூடாது. காட்மியம், கோபால்ட் போன்ற உலோகங்கள் சில வண்ணங்களில் உண்டு. துணியில் துடைத்துத் துணியை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

## அசைகிறவை

ஓடும் தண்ணீரை வரையும்போது கண்ணைத் தண்ணீரோடு ஓட விடாதீர்கள். ஒரே கல்லின் மேல் பார்வையை நிறுத்தினால், அந்தக் கல்லைச் சுற்றி அதே வளைவு மீண்டும் மீண்டும் உருவாவது தெரியும். தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், வடிவம் அங்கேயே நிற்கும். வரைய வேண்டியது அந்த வடிவத்தை.

பறவைக்கு ஒரு பக்கம் முழுக்க ஒதுக்குங்கள். ஒன்று அலகைத் திருப்பினால் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். பறவைகள் திரும்பத் திரும்ப அதே நாலைந்து நிலைகளுக்குத்தான் வரும்; வரும்போது பழைய பாதிப் படத்துக்குத் திரும்பிப் போய் ஒரு கோடு சேர்க்கலாம். கூடு கட்டும் காலத்தில் கிட்டே போகாதீர்கள். பறவை நம்மைப் பார்த்துக் கத்தத் தொடங்கினால் நாம் அதிகமாக நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

மேகத்துக்கு இரண்டே குறிப்பு. குவியல் மேகங்களின் அடி பெரும்பாலும் தட்டையாக இருக்கும். அடிவானத்தை நோக்கிப் போகப் போக மேகங்கள் சிறுத்து, ஒன்றோடொன்று நெருங்கிவிடும். இந்த இரண்டையும் கவனித்தால் வானம் கவிழ்ந்து மூடியது போலத் தெரியும். இல்லாவிட்டால் சுவரில் பஞ்சு ஒட்டியது போலத்தான்.

## நடையையே வரைவது

இதுவரை சொன்னது நின்று வரைவதற்கு. பாதையையே படமாக்கவும் ஒரு வழி உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பத்து சென்டிமீட்டர் உயரம், அறுபது எழுபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு தாளை வெட்டி, விசிறி மடிப்பாக முன்னும் பின்னும் மடித்துக்கொள்ளுங்கள். நீளம் போதாவிட்டால் இரண்டு தாளை ஒட்டலாம். கிளம்பும் இடத்தில் இடது ஓரத்தில் தரையின் கோட்டைத் தொடங்குங்கள். பாதை ஏறினால் கோடு ஏறும், இறங்கினால் இறங்கும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் அதே கோட்டை விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மூன்று விரல் அகலம் மட்டும்: பாலத்தின் கைப்பிடி, ஒரு வேர், வேலிக்கம்பி, கொஞ்சம் வானம். அடியில் நேரம் எழுதுங்கள். பாதைச் சேற்றை விரலால் தொட்டு ஒரு தீற்று, விழுந்து கிடந்த இதழைத் தேய்த்து ஒரு கறை. ஓசைகளுக்குக் குறி வைத்துக்கொள்ளலாம். தவளைக்குப் புள்ளிக் கூட்டம், காற்றுக்கு நீண்ட சாய்கோடு.

முடிவில் தாளை விரித்தால் அன்றைய நடை இடமிருந்து வலமாக ஓடும். அளவு பொருந்தாது, ஒரு கிலோமீட்டர் ஒரு விரலிலும் ஒரு புதர் மூன்று விரலிலும் இருக்கும். இருக்கட்டும். எங்கே எவ்வளவு நேரம் கவனம் போனது என்பதற்கு இதைவிட நேர்மையான வரைபடம் கிடையாது.

சமதளமான பாதையில், நடந்தபடியே பென்சிலைத் தளர்வாகத் தாளில் வைத்துக்கொண்டால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் கோட்டில் பதியும். மேடு பள்ளத்தில் இதைச் செய்யாதீர்கள், கண் பாதையில் இருக்க வேண்டும்.

## தாளே இல்லாமல்

1967-ல் ரிச்சர்ட் லாங் என்ற இளம் பிரிட்டிஷ் கலைஞர் ஒரு புல்வெளியில் நேர்க்கோட்டில் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தார். புல் மடங்கி, வெயில் பட்டுக் கோடாகத் தெரிந்ததும் அதைப் படம் எடுத்துக்கொண்டார். அந்த நடைக்கோடுதான் படைப்பு. இன்னொரு பிரிட்டிஷ் கலைஞர் ஆண்டி கோல்ட்ஸ்வொர்தி இலைகளை முள்ளால் கோத்தும், பனிக்கட்டித் துண்டுகளை ஒட்டவைத்தும் செய்த வேலைகளில் பல சில மணி நேரத்திலோ சில நாளிலோ கலைந்து போனவை. மிஞ்சியது புகைப்படம்.

நீங்கள் தொடங்குவதற்கு எளிமையானது இலை வரிசை. உதிர்ந்து கிடக்கும் இலைகளை மட்டும் பொறுக்குங்கள். ஒன்றைக்கூடக் கிளையிலிருந்து பறிக்க வேண்டாம். பால் வடியும், இனம் தெரியாத செடிகளின் இலையைத் தொடாமல் விடுங்கள், சில தோலைப் புண்ணாக்கிவிடும். முப்பது நாற்பது இலை சேர்ந்ததும் நிறப்படி அடுக்குங்கள்: பச்சை, மஞ்சள் ஓடிய பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, துரு, பழுப்பு. இரண்டு நிறத்துக்கு நடுவே தாவல் பெரிதாக இருந்தால் அந்த இடத்தை நிரப்பும் ஓர் இலையைத் தேடிப் போங்கள். இந்தத் தேடல்தான் வேலையின் சுவை. எத்தனையோ முறை நடந்த பாதையில் அதுவரை பார்க்காத நிறங்கள் அப்போது கண்ணில் படும்.

பின்னணிக்கு ஈரமான, கருத்த பாறை சிறந்தது. இலைகளை நனைத்து வைத்தால் தண்ணீரே அவற்றைப் பாறையோடு ஒட்டவைக்கும், லேசான காற்றுக்கு அசையாது. ஒன்றின் நுனி அடுத்ததன் காம்பை மறைக்கும்படி அடுக்கினால் கோடு அறுபடாமல் ஓடும். பாறை இல்லாத இடத்தில் உதிர்ந்த முள்ளை ஊசியாகக் குத்தி இலைகளைக் கோக்கலாம். இலை காய்ந்திருந்தால் கிழியும், ஈரப்பசை உள்ளவையே வளையும்.

படம் எடுப்பதற்கு மேகம் சூரியனை மறைக்கும் வரை காத்திருங்கள். வெயிலில் நனைந்த இலை பளபளத்து நிறம் வெளுத்துவிடும். போனை இலைகளுக்கு நேர் மேலே, தரைக்கு இணையாகப் பிடித்து ஒன்று. தாழ்வாக, சுற்றுப்புறமும் தெரியும்படி இன்னொன்று. உங்கள் நிழல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எடுத்து முடித்ததும் இலைகளைக் கலைத்துவிட்டுப் போங்கள்.

கல் மேல் கல் அடுக்குவது மட்டும் வேண்டாம் என்பேன். படத்தில் அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் ஓடைக் கல்லின் அடியில்தான் பூச்சிகளும் அவற்றின் முட்டைகளும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன, கல்லைப் புரட்டினால் அவை போயின. மலைப்பாதைகளில் கற்குவியல் வழிகாட்டும் அடையாளம். நம் விளையாட்டுக் குவியலை நம்பி ஒருவர் மூடுபனியில் வழி மாறலாம். கடற்கரையில் காலிச் சங்கு, சிப்பிகளையும் அள்ளிச் சேர்க்காதீர்கள், துறவி நண்டுகளுக்கு அவைதான் வீடு.

மணலில் வரையலாம், தாராளமாக. கடல் உள்வாங்கத் தொடங்கிய பிறகு ஆரம்பியுங்கள். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். மேலே உலர்ந்த மணலைக் குச்சியால் கீறினால் அடியில் இருக்கும் ஈர மணல் கருத்துத் தெரியும், அதுவே மை. வட்டம் போட நடுவில் ஒரு குச்சி, அதில் கட்டிய கயிறு. கலைக்கிற வேலையைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

## தேய்ப்பு, மண், வெயில் அச்சு

இலையின் அடிப்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும். அந்தப் பக்கம் மேலே தெரியும்படி வைத்து, மெல்லிய தாளை மூடி, மெழுகு வண்ணக் குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு அப்படியே வந்துவிடும். மரப்பட்டைக்கும் பாறைக்கும் இதே முறைதான். மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் 1925-ல் மரத் தரையின் தேய்ந்த ரேகைகளை இப்படித் தேய்த்தெடுத்து, அதில் தெரிந்த உருவங்களை வளர்த்துப் படமாக்கினார். நீங்களும் தேய்த்த பட்டையை அப்படியே விடாமல் அதன் மேல் பேனாவால் வரைந்து பார்க்கலாம்.

மண்ணில் நிறம் எடுப்பது மிகப் பழைய தொழில். தென்னாப்பிரிக்காவின் பிளோம்போஸ் குகையில், சுமார் 1,00,000 ஆண்டுகளுக்கு முன் செங்காவியை அரைத்துச் சிப்பி ஓட்டில் குழைத்து வைத்திருந்தது கிடைத்திருக்கிறது. அனுமதி உள்ள இடத்தில் ஒரு பிடி சிவந்த மண் எடுத்து, காயவைத்து, பொடித்து, தண்ணீரில் கலக்குங்கள். கனமான மணல் சில நொடிகளில் அடியில் தங்கிவிடும். கலங்கிய நிறத்தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு நாள் தெளிய விடுங்கள். அடியில் படிந்த வண்டலை உலர்த்தி, கரைத்த வேலம்பிசினோடு குழைத்தால் வாட்டர்கலர் தயார். சிவப்பும் மஞ்சளும் இரும்புச் சத்தால் வருபவை என்பதால் வெயிலுக்கு மங்காது. பூவிலிருந்தும் பழத்திலிருந்தும் எடுக்கும் சாறு அப்படியல்ல, பெரும்பாலும் சில வாரத்திலேயே பழுப்பாகிவிடும்.

வெயில் அச்சு என்பது சயனோடைப்: ஒளி பட்டால் மாறும் மருந்து பூசிய தாளில், வெயிலைக் கொண்டே நீல நிறப் படம் எடுப்பது. 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டுபிடித்த முறை. மறு ஆண்டே அன்னா அட்கின்ஸ் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர் அதைக் கடற்பாசிகளைப் பதிவு செய்யப் பயன்படுத்தினார். மருந்து பூசிய தாள் கடைகளில் கிடைக்கும். கறுப்பு உறையில் வைத்து எடுத்துப் போய், உதிர்ந்த பெரணி இலையை அதன் மேல் வைத்து, கண்ணாடித் தகட்டால் அழுத்தி வெயிலில் சில நிமிடம் காட்டி, மீண்டும் உறைக்குள் போட்டுவிடுங்கள். வீட்டில் குழாய்த் தண்ணீரில் அலசினால் இலை வெள்ளையாகவும் சுற்றிலும் நீலமாகவும் நிற்கும்.

## வீட்டுக்கு வந்த பின்

அன்றே புத்தகத்தைத் திறந்து வையுங்கள், ஈரம் இருந்தால் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். படிக்க முடியாத குறிப்புகளை நினைவு இருக்கும்போதே திருத்தி எழுதுங்கள். 6பி பென்சில் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். இடையில் மெல்லிய தாள் வைத்தால் போதும்.

படத்தைத் திருத்தாதீர்கள். கோணல் இருந்தால் இருக்கட்டும். வெளியில் நின்று போட்ட கோட்டின் மேல் வீட்டுக் கோடு ஏறினால் இரண்டும் கெட்டுவிடும். பெரிதாக ஒன்று செய்யத் தோன்றினால் புதுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில ஓவியர் டர்னர் அப்படித்தான் செய்தார். பயணத்தில் பென்சிலால் வேகமாகக் குறித்துக்கொண்டு வந்து, வண்ணத்தைப் பெரும்பாலும் பிறகு தீட்டினார். அவருடைய ஸ்கெட்ச் புத்தகங்கள் சுமார் 300 இன்றும் லண்டனில் டேட் கலைக்கூடத்தில் இருக்கின்றன.

போன் புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தவறில்லை, ஆனால் நம்புவதில் எல்லை வேண்டும். போனின் அகலமான லென்ஸ் தொலைவு மலையைச் சிறுக்கவைத்துவிடும். நிழலைக் கறுப்பாக்கி, வானத்தை வெளுத்துவிடும். மலையின் உயரத்துக்கும் நிழலின் நிறத்துக்கும் உங்கள் குறிப்பைப் பாருங்கள். கிளை எந்தப் பக்கம் பிரிந்தது, வேலியில் எத்தனை கம்பி என்பதற்கு மட்டும் போனைக் கேளுங்கள்.